சாப்பாட்டு மேசையே பட்டறை

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் நான்கறை வீட்டில் இரவு 9 மணிக்குச் சாப்பாட்டு மேசை காலியாகும். 11 மணிக்குள் அதைத் துடைத்துவிட வேண்டும். காலையில் பிள்ளைகள் பசியாறுவது அங்கேதான். இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் என் கலப்பு ஊடகக் கலைக்குப் பட்டறை. முதல் ஓராண்டில் அந்த நேரத்தில் பாதி தேடுவதிலேயே கரைந்தது. பசை ஓர் அறையில், கத்தரிக்கோல் தையல் பெட்டியில், சரிகைத் துண்டுகள் அலமாரியின் உச்சியில். எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் தூக்கம் கண்ணைச் சுழற்றும். ஒன்றும் தொடங்காமல் திரும்ப எடுத்து வைத்த இரவுகள் ஏராளம்.

இந்தக் கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அப்படி ஓர் ஆண்டை இழக்க வேண்டியதில்லை. அடுக்குவதற்கு நான் இன்று வைத்திருக்கும் அளவுகோல் இரண்டுதான். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் கை வேலையில் இருக்க வேண்டும். முடிந்த படைப்பு ஒரு மாதத்துக்குள் வீட்டைவிட்டு யாரிடமாவது போய்ச் சேர வேண்டும். இரண்டாவதைப் பலர் அடுக்கும் வேலையோடு சேர்த்து நினைப்பதில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் முடித்தவை தேங்கிவிட்டால் அடுத்ததற்கு இடமே இருக்காது என்பதால் நான் இரண்டையும் ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன்.

கலப்பு ஊடகம் என்றால் ஒரே பரப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைச் சேர்ப்பது: வண்ணம், காகிதம், துணி, நூல், விதை, உலோகத் தகடு, எதுவும் வரலாம். சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. 1982இல் யூஓபி வங்கி முதன்முதலாக நடத்திய ஓவியப் போட்டியில் வென்றவர் கோ பெங் குவான். வண்ணத்தோடு காகிதத்தையும் ஒட்டிப் படைப்பவர் அவர். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் நிற்கும் பெரிய சிவப்பு விதைச் சிற்பம் குமாரி நாகப்பனுடையது. நம் ஊரில் மஞ்சாடி என்றும் இங்கே சாகா என்றும் சொல்லும் அந்த விதையைப் பூங்காக்களில் குனிந்து பொறுக்காத சிங்கப்பூர்ப் பிள்ளை குறைவு. கலைக்கூடம் இல்லை, விலையுயர்ந்த பொருள் இல்லை என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது இந்த விதையைப் பற்றித்தான்.

முதல் படி: எதிரியை வைத்துப் பிரியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். பழைய சேலையை விரித்து அதன்மேல் கொட்டினால் எடுத்து வைப்பது எளிது. வழக்கமாக எல்லோரும் பெயரை வைத்துப் பிரிப்பார்கள்: காகிதம் ஒரு குவியல், துணி ஒரு குவியல், வண்ணம் ஒரு குவியல். அப்படி நானும் பிரித்தேன். ஆறு மாதத்தில் பாதிப் பொருள் கெட்டுப்போனது, காரணம் ஒரே குவியலில் இருந்தவற்றுக்குத் தேவை ஒன்றாக இல்லை. இப்போது எந்தப் பொருளை எது கெடுக்கும் என்று பார்த்துப் பிரிக்கிறேன்.

ஈரம் கெடுப்பவை முதல் குவியல்: காகிதம், அட்டை, நோட்டுப் புத்தகம், பருத்தித் துணி, துருப்பிடிக்கும் ஊசி, கம்பி, கிளிப். காற்றுப் பட்டால் கெடுபவை இரண்டாவது: அக்ரிலிக் வண்ணம், ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு), ஜெல் மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக் கூழ்), பசை, மை. வெளிச்சம் கெடுப்பவை மூன்றாவது: மலிவான மார்க்கர் பேனா, சாயம் போகும் துணி, மஞ்சள் தடவிய காகிதம். பூச்சி தின்பவை நான்காவது: கோல மாவு, தானியம், காய்ந்த பூ, இலை, மைதாப் பசையால் ஒட்டிய எதுவும்.

நான்காவது குவியலை யாரும் எச்சரிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம்மவர்களுக்கு அரிசி மாவும் பருப்பும் கைக்கு எட்டும் பொருள்கள். படைப்பில் வைத்தால் அழகாகவும் இருக்கும். ஆனால் எறும்பும் வண்டும் அவற்றைத் தேடி வரும். மாவுச்சத்துள்ள பசையை வெள்ளிப்பூச்சி விரும்பித் தின்னும், பசையோடு காகிதத்தையும் அரித்துவிடும். எனவே மைதாப் பசையை விட்டுவிட்டு வெள்ளைப் பசையோ அக்ரிலிக் மீடியமோ பயன்படுத்துங்கள். விதை, பருப்பு எதுவானாலும் மூடிய பையில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தபின் பை அறையின் சூட்டுக்கு வந்ததும் திறந்து, நன்றாக உலர்த்தி, ஒட்டியபின் மேலே மீடியம் பூசி மூடிவிடுங்கள். கோலத்தின் வெண்மை வேண்டுமென்றால் அரிசி மாவுக்குப் பதில் கல்மாவு போதும்.

மஞ்சளுக்கும் ஓர் எச்சரிக்கை. மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசிய காகிதம் முதல் நாள் பொன்போல இருக்கும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சில வாரங்களில் வெளிறும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். அந்த மாற்றத்தைத் தெரிந்தே பயன்படுத்தலாம். நிலையான மஞ்சள் நிறம் வேண்டும் என்றால் வண்ணக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் ஒளித்தாங்கு தரத்தை, அதாவது வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு நிலைக்கும் என்பதைப் பாருங்கள். ASTM அளவில் ஒன்று அல்லது இரண்டு என்று இருந்தால் நம்பி வாங்கலாம்.

இரண்டாம் படி: ஈரத்தோடு வாழப் பழகுதல்

சிங்கப்பூரில் விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில்தான் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். சராசரி 80ஐ ஒட்டி இருக்கும். வெளிநாட்டுக் காணொளிகளில் பார்க்கும் திறந்த அலமாரிகளும் சுவர் முழுக்கத் தொங்கும் காகிதச் சுருள்களும் இந்தக் காற்றுக்கு ஏற்றவை அல்ல.

என் பெரிய இழப்பு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நேர்ந்தது. ஓராண்டு முழுக்க வரைந்து ஒட்டிய நோட்டுப் புத்தகத்தை நெருக்கி அடுக்கி வைத்திருந்தேன். ஜனவரியில் எடுத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது ஒரு பக்கத்தின் முகம் மறு பக்கத்தோடு உரிந்து வந்தது. அக்ரிலிக் தொட்டுப் பார்க்கும்போது அரை மணி நேரத்தில் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே முழுமையாக இறுகப் பல நாள், கனமாகப் பூசினால் பல வாரம் ஆகும். இறுகிய பிறகும் சூடும் அழுத்தமும் சேர்ந்தால் அதன் பரப்பு பிசுபிசுக்கும். இரண்டு அக்ரிலிக் பரப்புகள் முகத்தோடு முகம் வைத்து அழுந்தினால் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு.

அன்றிலிருந்து மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் வழவழப்பான தாளை வைக்கிறேன். நோட்டுப் புத்தகத்தைப் படுக்கவைக்காமல், நெருக்காமல், நிற்கவைக்கிறேன். பளபளப்பான மீடியத்துக்குப் பதில் மங்கலான மீடியத்தைக் கடைசிப் பூச்சாகக் கொடுக்கிறேன். அது ஒட்டும் தன்மையைக் குறைக்கிறது.

காகிதத்துக்கு ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பெட்டி வேண்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் ஆரஞ்சு பச்சையானதும் ஈரம் குடித்துவிட்டது என்று தெரியும். பையில் சொல்லியிருக்கும் சூட்டில் ஓவனில் உலர்த்தி மீண்டும் போடலாம். நீலம் இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் இருப்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் வைப்பதில்லை. துணி அலமாரியில் வைக்கும், நீர் சேரும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைக் காகிதப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் அந்த உப்புநீர் அத்தனையையும் நனைத்துவிடும்.

பெட்டியை மூடும் நேரமும் முக்கியம். மழை பெய்யும் இரவில் மூடினால் அந்த ஈரக்காற்றையும் உள்ளே பூட்டிவிடுகிறோம். குளிரூட்டி ஒரு மணி நேரம் ஓடிய அறையிலோ, வெயில் காய்ந்த பிற்பகலிலோ மூடுங்கள்.

மூன்றாம் படி: எங்கே வைப்பது

பாம் ஷெல்டர் என்று எல்லோரும் சொல்லும் பாதுகாப்பு அறைதான் முதலில் மனத்தில் வரும். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் அது இருக்கிறது. கதவைச் சாத்தினால் காற்றோட்டம் மிகக் குறைவு, அதனால் காகிதத்துக்கும் துணிக்கும் அது ஆபத்தான இடம். அங்கே கண்ணாடிக் குப்பி, துருப்பிடிக்காத உலோகத் தகடு, கருவி, படச் சட்டம் ஆகியவற்றை வைக்கலாம். சுவரில் துளையிடுவதற்கும் கதவுக்கும் விதிகள் உண்டு. பலகை அடிப்பதைவிடத் தனியாக நிற்கும் எவர்சில்வர் அடுக்கு நல்லது.

வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் அட்டைப் பெட்டிகளை அடுக்கும் ஆசை பலருக்கு வரும். தீயணைப்பு விதிப்படி நடந்து வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும். எரியக்கூடிய பொருளைக் குவிக்கவும் கூடாது. காகிதமும் துணியும் வார்னிஷும் எரியும் பொருள்கள்தானே. வேண்டாம்.

சிறு பொருள்களுக்கு நான் கண்ட சிறந்த கலன் அஞ்சறைப்பெட்டி. லிட்டில் இந்தியாவின் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். கடுகும் சீரகமும் இருக்கும் கிண்ணங்களில் பொத்தான், மணி, பொட்டு, ஜிமிக்கி, சங்கிலித் துண்டு, மஞ்சாடி விதை. மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். கண்ணில் படாத பொருளை நாம் பயன்படுத்தவே மாட்டோம். ஒன்று மட்டும்: வண்ணம் பட்ட எந்தப் பாத்திரமும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உண்டு. நான் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் குறியிட்டுவிடுகிறேன்.

வண்ணக் குப்பிகளை மூடுமுன் வாயைத் துடையுங்கள், திறந்த தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். தூரிகையைக் கழுவியதும் நிமிர்த்தி நிறுத்தினால் நீர் இறங்கி உலோகப் பிடிக்குள் போய் மயிர் உதிரும். காயும்வரை படுக்கவைத்து, பிறகு நிறுத்துங்கள். கழுவுவதற்கு முன் வண்ணத்தைப் பழைய துணியில் துடைத்தெடுத்துவிடுங்கள், சாக்கடைக்கு அது போகாமல் இருப்பது நல்லது.

நான்காம் படி: ஒரு வேலை, ஒரு தட்டு

இதுதான் என் இரவுகளை மாற்றியது. மூடியுள்ள ஏ3 அளவுத் தட்டு மூன்று வாங்கினேன். ஒவ்வொரு தட்டிலும் ஒரு வேலை: அதற்கு வேண்டிய காகிதம், நான்கைந்து வண்ணம், இரண்டு தூரிகை, ஒரு பசை, கத்தரிக்கோல். 9 மணிக்குத் தட்டை எடுக்கிறேன், 11 மணிக்கு மூடுகிறேன். பெரிய பெட்டிகளைத் திறப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அன்று தட்டுகளை நிரப்புவேன். மூன்று தட்டுக்கு மேல் வேலை எடுப்பதில்லை. நான்காவது யோசனை வந்தால் சின்னத் தாளில் எழுதி மூடியில் ஒட்டிவைக்கிறேன்.

கத்தரிக்கோல் மூன்று வைத்திருப்பது வீண் செலவாகத் தோன்றலாம். தேடும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இல்லை.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஆர்ட் ஃப்ரெண்ட் கடை இருக்கிறது. அதே கட்டடத்தின் நான்காம் தளத்தில் பஷீர் கிராஃபிக் புக்ஸில் கலைப் புத்தகங்களைப் புரட்டலாம். எதிரே விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம். ஒரு சனிக்கிழமைக்கு இவை போதும். துணிக்கு அரப் ஸ்திரீட், நூலுக்கும் லேசுக்கும் சைனாடவுன். ஆனால் என் பெட்டியில் இருக்கும் மிக அழகான துண்டுகள் தேக்கா சென்டர் மேல்தளத்தில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா எடுத்து வைத்துக் கொடுத்தவை. ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டு, சரிகைக் கரை, எல்லாம் குப்பைக்குப் போக இருந்தவை. கேட்டுப் பாருங்கள், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால், 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்து விலையை ஒப்பிடுங்கள்.

தமிழ் எழுத்துகளுக்குத் தமிழ் முரசின் பழைய தாள்களைவிட நல்ல பொருள் இல்லை. செய்தித்தாளில் லிக்னின் என்னும் மரப்பொருள் இருப்பதால் விரைவில் பழுக்கும். நிறம் மாறாமல் இருக்க வேண்டிய இடத்தில் அந்த எழுத்துகளை லேசர் இயந்திரத்தில் நகலெடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகல் ஈரம் பட்டதும் கரைந்து பரவும். யாரோ எடுத்த படத்தை முழுதாக ஒட்டி உங்கள் படைப்பாகக் காட்டுவதைத் தவிருங்கள். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்பவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை இங்கே உரிமையாக்கியிருக்கிறது.

ஐந்தாம் படி: கையைவிட்டுப் போக விடுதல்

புதியவர்கள் முதல் படைப்பைக் கொடுக்கத் தயங்குவார்கள், இன்னும் நன்றாக வரட்டும் என்பார்கள். அதற்கு மருந்து சிறிய அளவு. கலைஞர் அட்டை என்று உலகெங்கும் பரிமாறிக்கொள்ளும் அட்டைகளின் அளவு 64 x 89 மில்லிமீட்டர், சீட்டுக்கட்டு அளவு. 1990களில் சூரிச்சில் தொடங்கிய வழக்கம். அவற்றை விற்பதில்லை, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வார்கள். ஓர் அட்டை ஓர் இரவில் முடியும். ஒரு தாளிலிருந்து பல அட்டை வெட்டலாம். தவறிப்போனாலும் இழப்பு இல்லை.

நம்மிடம் இதற்கு இணையான ஒன்று ஏற்கெனவே இருந்தது: பொங்கல் வாழ்த்து அட்டை. அஞ்சலில் வந்த கரும்பும் பானையும் போட்ட அட்டைகளை அம்மா கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்திருந்தது நினைவிருக்கிறது. கைப்பேசிப் படங்கள் அந்த வழக்கத்தை விழுங்கிவிட்டன. கையால் செய்த ஒன்றை இன்று ஒருவருக்கு அனுப்பினால் அவர் அதைத் தூக்கிப் போடுவதே இல்லை. எனக்கு இதில் ஐயமே கிடையாது. எங்கள் புளோக்கில் பத்தாவது மாடியில் இருக்கும் பாட்டிக்கு நான் கொடுத்த சரிகை அட்டை அவருடைய சாமி அலமாரியில் இருக்கிறது.

கொடுக்குமுன் பின்பக்கத்தில் எழுதுங்கள்: தலைப்பு, தேதி, உங்கள் பெயர், பயன்படுத்திய பொருள்கள், எப்படிப் பேண வேண்டும். 'வெயிலில் வைக்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள்' என்று இரண்டு வரி போதும். அதை மாட்டுகிற இடத்தை நாம் பார்க்கப் போவதில்லை.

படம் எடுத்து வைத்துக்கொள்வது பிரிவை எளிதாக்கும். காலை 8 மணியிலிருந்து 10 மணிவரை தாழ்வாரத்தில் விழும் நிழல் வெளிச்சம் அருமையானது. படைப்பைச் சுவரில் சாய்த்து, கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். நூலும் மேடும் தெரிய வேண்டும் என்றால் ஒரு படம் பக்கவாட்டு வெளிச்சத்தில். கூடவே உங்கள் விரல் படும் ஒரு படம் எடுத்தால் பார்ப்பவருக்கு அளவு புரியும்.

சேர்ந்து செய்வதற்கு சமூக மன்ற அறையை வாடகைக்கு எடுக்கலாம். நாங்கள் ஐந்து பேர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு தட்டும், கொடுக்க விரும்பும் மிச்சப் பொருள்களில் ஒரு பையும் கொண்டுவர வேண்டும். எனக்குத் தேவையில்லாத ஊதா நூல் இன்னொருவரின் படைப்பில் கடலானது அங்கேதான். அங்கே ஒருவரிடம் கற்ற உத்தியை வெளியே காட்டும்போது அவர் பெயரைச் சொல்வது எங்கள் வழக்கம்.

விற்க எண்ணினால் மூன்று செய்தி. வீவக வீட்டிலிருந்து சிறு அளவில் தொழில் செய்யலாம். பெயர்ப்பலகை, வெளியாள் வேலைக்கு வருவது, அண்டை வீட்டாருக்குத் தொல்லை ஆகியவை கூடாது. வேலை அனுமதியிலோ சார்ந்தோர் அனுமதியிலோ இங்கு இருப்பவர்கள் ஒரு வெள்ளியை விலையாக வாங்குவதற்கு முன்னும் மனிதவள அமைச்சின் விதிகளைப் பார்த்தாக வேண்டும். அன்பளிப்புக்கும் பரிமாற்றத்துக்கும் முதலிடம் கொடுப்பவள் நான் என்றாலும், விலை வைப்பதானால் பொருளோடு உங்கள் நேரத்தையும் கணக்கிடுங்கள். குறைத்து விற்பது பக்கத்து மேசைக்காரரின் உழைப்பையும் குறைக்கிறது.

அஞ்சலில் அனுப்பும்போது படைப்பை வழவழப்பான தாளில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் இட்டு, இருபுறமும் தடித்த அட்டை வைத்துக் கட்டுங்கள். மேலே எழும்பி நிற்கும் பொத்தானும் மணியும் சாதாரண உறையைக் கிழிக்கும். அப்படிப்பட்டவற்றுக்குச் சிறு பெட்டிதான். அஞ்சலகத்தில் தடிமனையும் பார்ப்பார்கள் என்பதால் முடித்த உறையை எடுத்துப் போய் நிறுத்துப் பார்த்தே தபால்தலை வாங்குங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பும் படைப்பில் விதை, காய்ந்த இலை, உமி எதுவும் வேண்டாம். அங்கே தாவரப் பொருள்களுக்கு விதிகள் மிகக் கடுமை. ஸ்பிரே வார்னிஷை அஞ்சலிலோ விமானப் பெட்டியிலோ போடாதீர்கள்.

தமிழ்நாட்டு உறவினர்களுக்குப் பொங்கல் அட்டை அனுப்புவதானால் நான் நவம்பர் கடைசியில் ஒட்டத் தொடங்குகிறேன். மழைக்காலத்தில் காய இரண்டு வாரம் விட வேண்டும். டிசம்பர் நடுவில் உறையில் இட்டு அனுப்பிவிடுவேன். ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் கைப்பையில் தட்டையாக வைத்துக் கொடுத்துவிடுவேன், பெட்டியில் போட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லி.